கலங்கல் தண்ணீருக்கு ஆரஞ்சு

கடைக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான், மார்லா: தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது? அதைச் சொல்லாமல் இரை கேட்கிறவர், எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை கேட்கிறவர் மாதிரி. கொடுத்துவிடுவேன், கடை நடத்துகிறவன் விவாதம் பண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மீன் வராது. பழி மட்டும் என் புழுக்களின் மேல் வரும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் சின்ன இரை, மங்கின நிறம், மெல்லிய தூண்டில் நரம்பு. பச்சை ஏறியிருந்தால் கொஞ்சம் பெரிது. மழை பெய்து கலங்கலாக ஓடினால் ஆரஞ்சு. கலங்கலில் மீனுக்கு முகம் தெரியாது, நிறமும் அசைவும்தான் தெரியும். இதை உங்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அப்பாவோடு வந்து, புழு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "சாக்லேட் வாசம் வருது" என்று சொன்ன பெண் நீங்கள். இன்று இடுப்பில் துப்பாக்கியோடு எதிரே உட்கார்ந்து எனக்குக் காபி ஊற்றித் தருகிறீர்கள். காபி நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒலிப்பதிவுப் பெட்டி ஓடுகிறதல்லவா? ஓடட்டும்.

நீங்கள் கேட்டது ஹாலிஸைப் பற்றி. நான் இரையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. நேரே ஹாலிஸிடம் போனால் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஹேசல் ஓடையில் நாங்கள் பிடிப்பது சின்னவாயன் மீன். பெயர்தான் சின்னவாய், பிடிவாதம் கோவேறு கழுதைக்குச் சமம். பழுப்பு உடம்பு, சிவந்த கண். கல்லும் நிழலும் ஓட்டமும் சேர்கிற மடுவின் விளிம்பில் நிற்பான். எதையும் சும்மா தின்ன மாட்டான், சந்தேகப்பட்டுத் தின்பான். அவனுக்கு நான் கொடுப்பது உயிர் இரை. என் கடைப் பலகையே அதுதான்: 'ஓர்வல், உயிர் இரை'. தடித்த மண்புழு உண்டு. பொடிமீன் உண்டு. ஓட்டத்தில் கல்லைப் புரட்டினால் கிடைக்கிற கறுப்புக் கடியன் உண்டு. அது பூரானுக்கு மூத்த அண்ணன் மாதிரி இருக்கும். கடித்தால் சர்ச்சில் சொல்லக்கூடாத வார்த்தை வரும். எல்லாவற்றுக்கும் மேலே சிங்கி. விரல் நீளச் சிங்கி இறால். அதுவும் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு இன்னும் இறுகாமல், ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிற சிங்கி. அந்த நேரத்தில் அதற்கு இடுக்கி இருந்தும் இல்லாத கணக்கு. ஓடையில் எது ஓடில்லாமல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சின்னவாயனுடைய படிப்பு. என்னுடைய படிப்பும் அவ்வளவுதான்.

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் புழு டப்பாவை வைத்ததற்காக ஒரு மனைவியை இழந்தவன் நான். அவள் வேறு காரணங்களும் சொன்னாள். எனக்கு இது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஹாலிஸ் பொய் இரைக்காரன். என் பக்கத்து நிலத்துக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. தூண்டில் முள்ளுக்கு ஈயத்தில் தலை வார்த்து, அதில் முடியைக் கட்டி, ஜிக் என்று சொல்கிறோமே, அதைச் செய்வான். முடி எங்கிருந்து? பிஸ்கட்டின் வாலிலிருந்து. பிஸ்கட் அவனுடைய நாய். தொங்கு காது, பழுப்பும் செம்மையும் கலந்த மயிர், சிங்கியின் முதுகு நிறம் அப்படியே. அவள் உதிர்க்கும் பருவத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து வாரி வாரி எடுப்பான். அவளும் ராணி மாதிரிக் காட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஜிக்குகளை என் கடையில்தான் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு விற்றேன். உயிர் இரைக் கடையில் பொய் இரை விற்பது எனக்கு அவமானம்தான், ஆனால் கூட்டாளியாயிற்றே.

மடுவில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு எத்தனை வருஷம் சண்டை போட்டோம் தெரியுமா.

"முள்ளுல உசுரு துடிக்கிறதப் பாத்துக்கிட்டே எப்படிடா சாண்ட்விச் திங்கிற?" என்பான்.

"நீ ஈயத்தக் காட்டி ஏமாத்துற. நான் விருந்து வெச்சுக் கூப்பிடுறேன்."

"விருந்துக்கு வந்தவன் வாயில முள்ளு ஏத்துற. அது எந்த ஊரு விருந்து?"

"உங்க அத்தை வீட்டு விருந்து அப்படித்தானே இருந்துச்சு. அந்தக் கோழியில இருந்த எலும்பு இன்னும் என் தொண்டையில இருக்கு."

அப்புறம் இரண்டு பேரும் சிரிப்போம். மீன் ஓடிப்போகும்.

நான் புழுவைக் குத்துவதற்கு முன் மன்னிப்புக் கேட்பேன். சிறுவயதுப் பழக்கம், விட முடியவில்லை. ஊரே இதை வைத்துக் கேலி பண்ணும். ஹாலிஸ் மட்டும் ஒரு நாள் நூலை முடிந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "அது மன்னிப்பு இல்ல ஓர்வல். நீ நல்லவன்னு ஒனக்கு நீயே குடுத்துக்கிற சர்ட்டிபிகேட்." நான் சாண்ட்விச்சைத் தின்றேன். அவன் அப்படித்தான், சுருக்கென்று பேசுவான், பிறகு பாதி பன்றி இறைச்சியை வெட்டிக் கொடுத்தனுப்புவான்.

பொய் இரையைப் பற்றி அவனிடம் ஒரு விதி இருந்தது. "அசல் மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல. கஷ்டத்துல இருக்கிற மாதிரி அசையணும், அவ்ளோதான். மிச்சத்த மீனே மனசுல வரைஞ்சுக்கும்." இதை நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன்.

உயிர் இரைக்கும் ஒரு விதி உண்டு. அது பொறுமை. நரம்பு இழுபட்டதும் கோலைச் சுண்டக் கூடாது. சின்னவாயன் சிங்கியைக் கவ்விக்கொண்டு முதலில் ஓடுவான். பிறகு நிற்பான். வாய்க்குள் அதைத் திருப்பி, நசுக்கி, தலையை உள்ளே விடுவான். அப்புறம் மறுபடி நகர்வான். அதுவரைக்கும் கையில் இருப்பதை இறுக்காமல், விடாமல், சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை. பாதிப் பேருக்கு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வாளியைப் பற்றி. பொழுது சாயும்போது வாளியில் சிங்கி மிச்சம் இருக்கும். அதைக் கரையில் கொட்டி வெயிலில் சாகவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்ஸ் காலால் மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஒரு நாளும் செய்ததில்லை. குனிந்து, வாளியைத் தண்ணீரில் சாய்த்து, "போங்கடா, பொழச்சுப் போங்க" என்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். முதுகு கெட்டுப்போய்க் கல் புரட்ட முடியாமல், வடக்கே ஏரிப் பக்கத்திலிருந்து வண்டியில் சிங்கி வரவழைக்க ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். அந்த வடக்குச் சிங்கிக்கு இரண்டு விலாவிலும் துரு ஒட்டின விரலால் அழுத்தின மாதிரி ஒரு பொட்டு இருக்கும். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

ஓடை கெட ஆரம்பித்தது உங்களுக்கும் தெரியும். பாசிக்கொடி எல்லாம் அறுபட்டு மிதந்தது. நம்மூர்ச் சிங்கி காணாமல் போயிற்று. மீன் சிறுத்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வெளியூர்ச் சிங்கி, முரடு, செடியைத் தின்னும், மீன் முட்டையைத் தின்னும், யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றாள். யார் என்று கேள்வி வந்தது. ஓடைக் காவல் குழுவுக்கு நான்தான் தலைவர். நகரத்திலிருந்து வந்து படகில் மிதக்கிறார்களே, அவர்களாகத்தான் இருக்கும் என்றேன். அப்படித்தான் நான் நம்பினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். படகு வாடகைக்கு விடுகிற டோரீனின் இறங்குதுறையை மூடிவிடுவது என்று பேச்சாயிற்று. சனிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் ஓட்டெடுப்பு. அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஓடைக்கும் வேறு ஓடை இல்லையே என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். நல்ல வாக்கியம்தான்.

மே மாதக் கடைசியில் ஹாலிஸும் நானும் மேல் மடுவுக்குப் போனோம். சின்னவாயன் கூடு வைக்கிற காலம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம்: பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் காவல். தின்ன மாட்டான், தூங்க மாட்டான். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வுவான். பசியில் இல்லை, வாசலிலிருந்து அதை அப்புறப்படுத்துவதற்கு. அந்த நேரத்தில் அவனைப் பிடிக்க ஒரு குச்சி போதும். அதனாலேயே இந்த ஓடையில் யாரும் பிடிப்பதில்லை. அவனை எடுத்தால் குஞ்சு மொத்தமும் போகும். எந்தச் சட்டமும் இல்லை, மரியாதை. கூட்டின்மேல் நிற்கிறவனை நான் என் வாழ்நாளில் பிடித்ததில்லை.

அன்று பார்த்த கூட்டில் முட்டையே இல்லை. சுத்தமாகத் துடைத்த கூழாங்கல். சிங்கிகள் தின்றுவிட்டிருந்தன. அவன் மட்டும் அந்த வெறும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"அவனுக்குத் தெரியலடா," என்றான் ஹாலிஸ். "இன்னும் காவல் காக்குறான்."

அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். நான் அப்படிப்பட்ட ஆள்.

அதற்கடுத்த வாரம் கடைக்கு வந்தான். ஜாடியில் ஜிக்குகளைப் போட்டுவிட்டு, தொட்டிக்குள் கையைவிட்டு ஒரு சிங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். விலாவைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"இது எங்கேர்ந்து வருது, ஓர்வல்?"

"வண்டியிலேர்ந்து."

"வண்டிக்கு முன்னாடி?"

"அது அம்மா வயித்துலேர்ந்து."

அவன் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காத ஹாலிஸை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"மிச்சத்த எங்க கொட்டுவ?"

"நான் எங்க கொட்டுறேன். விட்டுடுவேன்."

"அதத்தான் கேட்டேன்."

அவன் சிங்கியைத் தொட்டியில் மெதுவாக இறக்கினான். கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியாம செஞ்சதுதான். எனக்குத் தெரியும். நானும்தானே இத்தன வருஷம் பக்கத்துல நின்னு வாளியப் பாத்துக்கிட்டிருந்தேன். சனிக்கிழம நீயே எந்திரிச்சுச் சொல்லிடு. நான் ஒன் பக்கத்துல நிப்பேன். ஒரு வருஷம் கிண்டல் பண்ணுவானுங்க, அப்புறம் வேற எவனாவது மாட்டுவான்."

"சொல்லலன்னா?"

"நான் சொல்லிடுவேன்டா. டோரீன் பாவம்."

போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மார்லா, அவன்மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் இல்லை. அது பதிவாக வேண்டும். நான் நிதானமாக யோசித்தேன். இந்த ஓடையைக் கொன்றவன் ஓர்வல் என்று சொல்வார்கள். தீவனக் கடையில் சொல்வார்கள், சர்ச் வாசலில் சொல்வார்கள். நான் செத்த பிறகும் சொல்வார்கள். ஒரு புழுவிடம்கூட மன்னிப்புக் கேட்காமல் முள்ளில் ஏற்றாத மனுஷனைப் பற்றி அப்படிப் பேசுவது நியாயமா? அது ஊருக்கும் நல்லதில்லை. இளகின மனசு இருந்தால் இதுதான் கதி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். யாராவது ஒருவர் அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே வழக்கமான கேள்விக்கு வந்தேன். எந்த இரை?

ஹாலிஸைப் பணத்தால் அசைக்க முடியாது. குடியை விட்டுவிட்டான். பெக்கன் கொட்டைப் பணியாரம் என்றால் வருவான், ஆனால் அதனால் என்ன. அவனும் எதையும் சந்தேகப்பட்டுத் தின்கிறவன். வெள்ளத்தில் கால் வைக்காதே என்று தரைப்பாலத்தில் பலகை எழுதி நட்டவனே அவன்தான். அவன் ஓட்டோடு இருக்கும்வரை அவனை எதுவும் தொடாது. அப்போது அந்த வெறுங்கூட்டு மீன் ஞாபகம் வந்தது. பசிக்குக் கவ்வாதவன் காவலுக்குக் கவ்வுவான். ஹாலிஸ் எதைக் காவல் காக்கிறான்?

அவன் மனைவி போனபிறகு அவனுக்கு பிஸ்கட்தான். ஒரு மான் வேட்டைக்காரன் அவளை ஓநாய் என்று குறிபார்த்த நாளிலிருந்து, வேட்டைக் காலம் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டித்தான் வெளியே விடுவான். தினமும் காலையில் அவள் தானாகவே வேலி தாண்டி என் கடைக்கு வருவாள். கிரேவியில் தோய்த்த ரொட்டி கொடுப்பேன். நாங்கள் நல்ல சிநேகம்.

முதலில் உயிர் இரையைத்தான் நினைத்தேன், பழக்கம் அப்படி. நினைத்த மாத்திரத்தில் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்தக் கிழவி பிஸ்கட்டை வெள்ளத்தில் கட்டுவதா? என்னால் முடியாது. முடியவே முடியாது. அதனால்தான் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய் இரை செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மலையில் நல்ல மழை. ஓடை பொங்கி, தரைப்பாலத்தின் மேலாக, பாலும் சாக்லேட்டும் கலந்த நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் நனைந்து வந்தாள். சட்டையைக் கழற்றித் துண்டால் துடைத்துவிட்டேன். வண்டியின் முன் இருக்கையில் கம்பளி போட்டு, ரொட்டியோடு உட்கார வைத்தேன். மழை என்பதால் ஜன்னலை ஏற்றிவிட்டேன். பிறகு ஒரு பழுப்புத் தீவனச் சாக்கு. உள்ளே காலிப் புழு டப்பாக்களை அடைத்தேன்; தெர்மோகோல் டப்பா, நன்றாக மிதக்கும். மேலே ஆரஞ்சுச் சட்டை. சட்டை நழுவாமல் இருக்கக் கொக்கி ஒன்று வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது அந்த ஜாடி. ஹாலிஸின் ஜிக் ஒன்றைக் கழுத்துப் பக்கத்தில் குத்தினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

பாலத்துக்குக் கீழே ஒரு பெரிய மரம் வேரோடு விழுந்து கிடக்கிறதே, அந்த வேர்க்கட்டையில் தடித்த நரம்பால் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் சுழிக்கிற இடம். அது முங்கியது, எழுந்தது, மூக்கைத் தூக்கியது, மறுபடி முங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கே பிஸ்கட் மாதிரித்தான் தெரிந்தது. ஹாலிஸ் சொன்னது சரி, மிச்சத்தை மனசே வரைந்துகொள்கிறது.

அவனுக்குப் போன் போட்டேன். "தரைப்பாலத்துக்குக் கீழ, வேர்க்கட்டையில ஆரஞ்சுச் சட்ட தெரியுது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு பொய்கூட இல்லை.

வந்தான். ஒரு கன்னத்தில் சவரம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. செருப்பு இல்லை. பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தான். "கயித்த எடுத்துட்டு வாடா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் எடுக்கும்வரை நிற்காமல் இறங்கிவிட்டான். கயிறு கட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் கதை வேறு. அவனே எழுதிய பலகையைத் தாண்டித்தான் போனான். கூட்டின்மேல் நிற்கிறவன் பலகை படிப்பதில்லை.

நல்ல நீச்சல்காரன். இரண்டு தடவை முங்கினாலும் வேரைப் பிடித்துவிட்டான். "வந்துட்டேன் பாப்பா, வந்துட்டேன்," என்று அதனிடம் பேசிக்கொண்டே போனான். வாரி அணைத்தான். அணைத்தபோது முள் அவன் உள்ளங்கையில் ஏறியது. அதைத்தான் உங்கள் டாக்டர் கண்டுபிடித்திருக்கிறார். அது தற்செயல். அதற்கு நான் உண்மையிலேயே வருந்துகிறேன். அவனை அப்படிக் காயப்படுத்த நான் நினைக்கவில்லை.

சாக்கு கிழிந்தது. ஒரு டப்பா வெளியே வந்து அவன் முகத்துக்கு நேராக மிதந்து சுற்றியது. மூடியில் என் கடைப் பெயர் இருக்கிறது. அதைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஓர்வல்," என்றான். "கயிறு."

கயிறு என் கையில்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கரைக்கும் அவனுக்கும் நடுவே பெரிய தூரமில்லை, நீங்கள் அளந்திருப்பீர்கள். நான் இறுக்கவில்லை, விடவுமில்லை. சும்மா நின்றேன். நரம்பு முதலில் ஓடும், நிற்கும், திரும்பும். கை பதறக் கூடாது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, அவன் மார்புக்கு, கழுத்துக்கு. அவன் மறுபடி கேட்கவில்லை. ஹாலிஸ் ஒன்றை இரண்டு தடவை கேட்கிற ஆள் இல்லை.

அப்போது பின்னால் வண்டியில் பிஸ்கட் குரைத்தாள்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த நுரைக் கன்னத்தோடு சிரித்தான். நிம்மதி, மார்லா. முழு நிம்மதி. அதை அவனுக்குக் கொடுத்தது நான். தான் காவல் காத்தது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"ஜன்னல எறக்கி விடுடா," என்றான். "மூச்சு முட்டிரும் அவளுக்கு."

நான் உடனே போனேன். ஜன்னலை இறக்கினேன். அவள் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினாள். கம்பளியைச் சரிசெய்தேன். திரும்பி வந்தபோது வேர்க்கட்டையில் ஆரஞ்சு மட்டும் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அவன் கடைசியாகக் கேட்டதை நான் செய்தேன். கூட்டாளி என்றால் வேறென்ன.

நாய் உயிரோடு இருக்கும்போது அவர் எதற்குத் தண்ணீரில் இறங்கினார் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான், நேரே முடிச்சில் கை வைப்பார். இதுதான் பதில். ஆம், நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. காபியும் கொடுத்தீர்கள்.

பிஸ்கட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில்தான் இருக்கிறாள், கதவைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என் கையிலிருந்து ரொட்டி வாங்குவதில்லை. தரையில் வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போனால் தின்கிறாள். டோரீனிடம் கொடுங்கள். இறங்குதுறையை மூட வேண்டாம் என்று குழுவிலும் சொல்லிவிடுங்கள். எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது.

அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். புயலில் மின்கம்பி அறுந்து கரண்ட் போயிருந்தது. தொட்டியில் காற்றுக் குமிழ் நின்றுவிட்டது. சிங்கிகள் எல்லாம் மேலே ஏறி, ஒன்றின்மேல் ஒன்று நின்று, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே, மார்லா. ஒரு உயிர் அப்படித் தவிப்பதை என்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு போய் ஓடையில் விட்டுவிட்டேன்.